காலண்டருக்கு ஒரு நீல வானம்

குன்னூரில் வருஷத்தில் பாதி நாள் வானம் வேலைக்கு வராது. தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக உட்கார்ந்து, யார் வந்தார், யார் வரவில்லை, யார் லீவு என்று குறித்துக்கொண்டே இருந்தவன் நான். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். ஜூனில் மழை பிடித்தால் வானம் லீவு. அக்டோபரில் அடுத்த மழை வந்தால் மறுபடியும் லீவு. நடுவில் மூடுபனி. வீட்டு வாசலில் நாலு பேரை நிறுத்திப் போட்டோ எடுத்தால், அவர்களுக்குப் பின்னால் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி ஒரு வெளுப்பு விழும். அதுதான் எங்கள் வானம்.

நான் ஓய்வு பெற்ற மாதம் என் மகள் பெங்களூரிலிருந்து வந்து, தன் பழைய லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. “சும்மா இருந்தா அம்மாகூட சண்டைக்குப் போவீங்கப்பா. இனி இதுகூடப் போடுங்க,” என்றாள். இருபது நிமிஷம் சொல்லிக்கொடுத்தாள். அதில் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தட்டினால், படத்தில் வானம் எது, மற்றது எது என்று அதுவே பிரித்துக்கொள்கிறது. பழைய வானத்தை உரித்து எடுத்துவிட்டு, நாம் கொடுக்கிற வானத்தை ஒட்டிவிடுகிறது. ஒட்டிய தடம்கூடத் தெரியவில்லை. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தது. ஆல்பத்தில் இருந்த படங்களை எல்லாம் எடுத்து வானம் மாற்றினேன். மச்சினன் கல்யாணம், மகளின் பள்ளி விளையாட்டு விழா, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எடுத்த குரூப் போட்டோ, ஒன்றையும் விடவில்லை. மென்பொருளோடு வந்த வானங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் கடற்கரை வானம், பாலைவன வானம். எங்கள் மலைக்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. அதனால் சொந்தமாகச் சேர்க்க ஆரம்பித்தேன். மார்ச் மாதத்தில் வானம் நீலமாகத் தெளிந்து நிற்கிற காலைகளில் பஸ் பிடித்துப் போய் வெறும் வானத்தை மட்டும் படம் எடுத்து வருவேன். லவ்டேல் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்படி அண்ணாந்து நின்றபோது, சுற்றுலா வந்த ஒருவர் ஆவலோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன பறவைங்க?” என்றார்.

“பறவை இல்லீங்க. வானம்,” என்றேன்.

அவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அடுத்த முனைக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் மரியாதை இல்லை. ஒரு படத்தை மகளுக்கு அனுப்பினேன். “வெயில் கொளுத்துது, ஒருத்தருக்கும் நிழலே இல்லையேப்பா. எல்லாரும் பேயா?” என்று பதில் போட்டாள். என் மனைவியின் பெரியப்பா இறந்தபோது எடுத்த படத்துக்கும் நான் வானம் மாற்றியதைப் பார்த்து, “ஏனுங்க, சாவு ஊட்டு போட்டோவுக்கு எதுக்குங்க இத்தன நீலம்?” என்றாள் மனைவி. அதைச் சொன்ன தொனியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு படத்தை மட்டும் பழையபடி மாற்றி வைத்தேன்.

இனி சர்ச் காலண்டருக்கு வருகிறேன். டிசம்பரில் எங்கள் சபையில் எல்லா வீட்டுக்கும் ஒரு காலண்டர் கொடுப்பது வழக்கம். மேலே சர்ச்சின் படம், நடுவில் அந்த வருஷத்துக்கான வசனம், கீழே மாதங்களின் தாள்கள். மலையை விட்டுக் கோயமுத்தூர், திருப்பூர் என்று இறங்கிப் போனவர்களும் எழுதிக் கேட்டு வாங்கி மாட்டுவார்கள். போன வருஷத்துப் படம் நல்ல மூடுபனியில் எடுத்தது. கேட் தெரிந்தது, பாதிப் படிக்கட்டு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கீழே இருப்பவர்கள் எல்லாம் சர்ச் எங்கே என்று கேட்டுக் கேலி செய்தார்களாம். எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி. ஏனென்றால் அப்போது நான் அந்த சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் சபைச் செயலாளருக்குக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய அம்மா இறந்துபோனார். அம்மாவின் நினைவாக சர்ச் கோபுரத்துக்கு எவர்சில்வரில் ஒரு புதிய சிலுவை செய்து தருவதாகச் சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. ஏற்கெனவே அங்கே முழ நீளத்தில் ஓர் இரும்புச் சிலுவை துருவேறி நின்றது. அப்போது நானும் கமிட்டியில் இருந்தேன். எழுந்து எதிர்த்துப் பேசினேன். பழைய கூரை, பாரம் தாங்காது என்றேன். இடி இறங்கும் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. அதைக் காட்டி, “இனி ரெண்டு டவரு ஆயிருமுங்க. ஒண்ணுல சிக்னல் வரும், இன்னொண்ணுல வராது,” என்றேன்.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும்தான் உயர்ந்தது. நான் வெளியே நடந்து வந்துவிட்டேன். புதிய சிலுவை பிறகு கோபுரத்தில் ஏறியது.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன். மறு வாரத்திலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊட்டியில் வேறு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தேன். மழையோ குளிரோ, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். மூன்று வருஷம் போனோம். என் மனைவி எங்கள் சபையின் பாடகர் குழுவில் பத்தொன்பது வருஷம் பாடியவள். ஊட்டியில் அவளைப் பாடச் சொல்ல யாரும் இல்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பாடுவாள். என்னிடம் ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த வருஷம், சர்ச்சில் அறுவடைக் காணிக்கை கொடுக்கிற அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் செயலாளரே எனக்குப் போன் செய்தார். “தம்பி, காலண்டர் போட்டோ இந்தத் தடவ நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும். நீங்க வானத்தையே மாத்தறீங்களாமே, ஊரெல்லாம் பேசறாங்க,” என்றார். மூன்று வருஷம் பேசாமல் இருந்த மனிதர் நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோலப் பேசினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி, யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோலத் தலையைத் தலையை ஆட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சுக்குப் போனோம். அன்று சாயங்காலமே அவள் பாடகர் குழுவில் பழைய இடத்தில் நின்றுவிட்டாள். கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றில் ஒரு சரணத்தைத் தனியாகப் பாடும்படி கொடுத்தார்கள். தேங்காய் துருவும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

நவம்பரில் காமிராவைத் தூக்கிக்கொண்டு பதினொரு நாள் சர்ச் வாசலுக்கு நடந்தேன். ஒரு நாளும் வானம் வரவில்லை. கடைசியில் மூடுபனி கொஞ்சம் விலகிய ஒரு காலையில், சாம்பல் நிற வானத்தோடேயே படத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, லவ்டேலில் எடுத்து வைத்திருந்த மார்ச் வானத்தைக் கொடுத்தேன். ஒட்டியது. ஆனால் சர்ச்சுக்குக் குறுக்கே போகிற மின்கம்பிகள் நீலத்தில் அழுக்குக் கோடுகளாகத் தெரிந்தன. பின்னால் செல்போன் டவர் பாதி கரைந்தும் கரையாமலும் நின்றது. வானத்தின் ஓரம் எதுவரைக்கும் வரலாம் என்று கூட்டிக் குறைக்க மென்பொருளில் இடவலமாகத் தள்ளுகிற ஒரு குமிழ் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளினேன். ஒரு கம்பி போயிற்று. இன்னும் தள்ளினேன். எல்லாக் கம்பிகளும் போயின. கடைசி வரைக்கும் தள்ளினேன். டவரும் போயிற்று.

அந்த டவர் போனதில் எனக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது. அது நின்ற இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடயமே இல்லை. கமிட்டியின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டேன். கட்டை விரல்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. “இது நம்ம சர்ச்சா!” என்றார் ஒருவர். போதகர் ஒரு வசனம் அனுப்பினார். செயலாளர் மட்டும் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், “நல்லா இருக்குங்க தம்பி. அச்சுக்கு அனுப்பிருங்க,” என்று போட்டார். அனுப்பினேன்.

டிசம்பர் முதல் வாரம் நானூறு காலண்டர்கள் கட்டுக் கட்டாகக் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கின. ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேசைமேல் ஒன்றை விரித்தேன். அச்சு மை வாசனை. நீலம் நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“ஏனுங்க, மேல சிலுவை எங்கீங்க?” என்றாள்.

“மேலதான் இருக்குது. கண்ணாடியப் போட்டுப் பாரு அம்மிணி.”

“கண்ணாடி போட்டுட்டுத்தான் இருக்கறேனுங்க.”

பார்த்தேன். கோபுரம் கூம்பி மேலே போய், நுனியில் முடிந்தது. அதற்கு மேல் லவ்டேல் வானம்தான் இருந்தது.

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து அசல் படத்தைப் பார்த்தேன். அதில் சிலுவை இருந்தது. சாம்பல் வானத்துக்கு முன்னால் சாம்பலாக மினுங்கும் எவர்சில்வர். அதையும் வானம் என்றே மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் மீதி இருந்ததை, டவரைத் தள்ளுகிற அவசரத்தில் நானே தள்ளிவிட்டிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். கிறிஸ்தவனுக்கும் அதற்கு வேறு பழமொழி கிடையாது.

இதை வேறு யார் செய்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஊரில் அந்தச் சிலுவை வேண்டாம் என்று கை தூக்கியது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் படம் எடுத்துக் கொடுத்த காலண்டரில் சிலுவை இல்லை. மென்பொருள் தின்றுவிட்டது என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்? முதல் எண்ணமாக எனக்கு என்ன தோன்றியது என்றால், பேசாமல் இருந்துவிடலாம் என்பதுதான். கமிட்டியில் அத்தனை பேர் பார்த்தும் யாருக்கும் தெரியவில்லையே. ஆனால் இது வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கப் போகிறது. காப்பி குடிக்கும்போது பார்ப்பார்கள், கடிகாரம் பார்க்கும்போது பார்ப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நானூறு வீட்டுச் சோற்றில் மறைக்க முடியாது.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றாள். காலண்டரை மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, “பண்ணலதானுங்களே?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்லிக் கோபிப்பது? கூடவே வாழ்ந்தவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வருகிற மாதிரி நடந்துகொண்டவன் நான்தானே. இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாள்.

“அப்படீன்னா இப்பவே போயி அவருகிட்டச் சொல்லிருங்க. எல்லாரும் நம்பளப் பாத்து ஒரு மாதிரி பேசி, மறுபடியும் நீங்க வெளிய வந்து, மறுபடியும் ஊட்டி பஸ்ஸு… என்னால முடியாதுங்க. எனக்குப் பாடோணும்,” என்றாள்.

ஒரு காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். செயலாளர் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தண்ணீர்க் குழாய் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு செயலாளர் எனக்கு டீயும் எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட்டும் வரவழைத்தார். வர்க்கியைத் தொடாமல், காலண்டரைக் கல்லாப் பலகைமேல் விரித்தேன். அது சுருண்டுகொண்டே வந்தது. நாலு மூலைக்கும் நாலு கதவுக் கீல்களை எடுத்து வைத்தார்.

“அண்ணா, இதுல சிலுவை இல்லீங்க,” என்றேன்.

“ஆமாங்க,” என்றார்.

“பாத்துட்டீங்களா?”

“நீங்க வாட்ஸப்புல போட்டப்பவே பாத்தனுங்க தம்பி. பெருசு பண்ணிப் பாத்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்புறம் எதுக்குங்ணா அச்சுக்கு அனுப்பச் சொன்னீங்க?”

அவர் ஒரு கீலை எடுத்து, திறந்து மூடினார். “நீங்க வேணும்னுதான் எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாளு ரோசன பண்ணினேன். வருத்தமா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா கூரை மேல இருக்குதில்லீங்களா, காலண்டர்ல இல்லாட்டி என்ன? அதுதான் உங்களுக்கு ஆறுதல்னா இருந்துட்டுப் போகட்டும்னுட்டேன். நான் ஏதாச்சும் கேக்கப் போயி நீங்க ரெண்டு பேரும் மறுபடியும் பஸ்ஸேறிட்டா? உங்க ஊட்டுக்காரம்மா பாட்டு இல்லாம மூணு கிறிஸ்துமஸ் போச்சுங்க தம்பி.”

நான் டீயைக் கல்லாப் பலகைமேல் வைத்தேன். அவருடைய அம்மாவுக்காக அவர் வைத்த சிலுவை. அதை நான் வன்மத்தோடு அழித்துவிட்டதாக நம்பிக்கொண்டே, நல்லா இருக்கு என்று எழுதியிருக்கிறார். என்னைவிட அந்த மனிதர் எவ்வளவோ பெரியவர் என்று அந்தக் கல்லாப் பலகை முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

போனில் அசல் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கம்பி, டவர், நான் தள்ளித் தள்ளிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “டவரும் போச்சு, சிலுவையும் போச்சா?” என்றார்.

“ஆமாங்ணா. அன்னிக்கு நான் கூட்டத்துல ரெண்டும் டவருன்னு சொன்னேனில்லீங்க, அத இது நம்பிருச்சு.”

சொல்லிவிட்டுத்தான் பயந்தேன். அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில், மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்ணா. உங்கம்மா போயி மாசம்கூட ஆகல. மன்னிச்சிருங்க.” அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, “சரிங்க, சரிங்க,” என்றார். பிறகு திரும்பி, அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். இரும்புக் குழாய்களில் அளவு குறிக்கிற வெள்ளைப் பெயின்ட் பேனாக்கள். “இது தண்ணி பட்டாலும் போகாதுங்க. நானூறுதானே, கையிலயே போட்டுரலாம்,” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்தோம். என்னையும் செயலாளரையும் தவிர்த்தால் பாடகர் குழுவிலிருந்து பாதி, பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து மீதி. சிலுவைக்குக் கட்டை விரல் நகத்தளவு உயரம் என்று முடிவாயிற்று. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஸ்கேல் வைத்து வரைந்தார். இன்னொரு அம்மா சிலுவையைச் சுற்றி ஒளிக்கதிர்கள் போட ஆரம்பித்து, நாலு காலண்டர் தாண்டிய பிறகே நாங்கள் கவனித்தோம். கதிர்கள் வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினோம். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் எப்படிச் சிலுவை போயிற்று என்ற கதையை நான் சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவை சொல்லும்போது கதை நன்றாகப் பழகிவிட்டது. போதகர் வந்து கேட்டுவிட்டு, “நல்லவேளை, நான் வாசல்ல நிக்கல. என்னையும் எடுத்திருப்பீங்க,” என்றார். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்ததும் ஒருவர் எழுந்துபோய்ச் சாத்தினார். என் மனைவி தன் சரணத்தை முணுமுணுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அந்த மத்தியானம் முடியாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

செயலாளர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி எனக்குப் பக்கத்தில். அவர் தலையைத் தூக்காமல் வரைந்துகொண்டே கேட்டார்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஏனுங்க அப்படி எதுத்தீங்க? கூரை தாங்காதுன்னீங்க. இஞ்சினீயரக் கூட்டியாந்து பாத்தோம், தாங்கும்னுட்டாரு. இடி உழும்னீங்க. இடிதாங்கி வச்சாச்சு. அப்பவும் நீங்க வரல.”

மூன்று வருஷம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் ஏராளம். கூரை, இடி, பழைய சிலுவையின் அழகு, எளிமை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தேடினேன். பிறகு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன்.

“என்னைக் கேக்கலீங்ணா,” என்றேன். “கமிட்டியில எல்லாரு ஊட்டுக்கும் போயிக் கேட்டீங்களாம். எங்க ஊட்டுக்கு மட்டும் வரல. அதுதானுங்க. வேற ஒண்ணுமில்ல.”

சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. அறுபது வயதில் ஒருவன் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணமா இது?

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “வந்தேனுங்களே,” என்றார்.

“எப்பங்ணா?”

“கூட்டத்துக்கு முந்தின வாரம், ஞாயித்துக்கெழம மத்தியானம். மொதமொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் வந்தேன். நீங்க படுத்துத் தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்பறேன்னாங்க அம்மிணி. நாந்தான் வேண்டாம், எந்திரிச்சதும் சிலுவை விஷயத்தச் சொல்லிருங்கன்னுட்டு வந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லி அனுப்பல, செரி, சம்மதம்தான்னு நெனச்சுட்டேன்.”

நாங்கள் இருவரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் ஒரு சிலுவைக்கு நெடுக்குக் கோடு போட்டுவிட்டுக் குறுக்குக் கோட்டுக்குப் பேனாவை வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது.

“ஐயோ,” என்றாள். “சொல்ல மறந்துட்டேனுங்க.”

ஹாலில் பாட்டு நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது, குரலில் மட்டும் நல்ல கோபம்.

“நீங்க மூணு வருஷமா கூரை, கூரைன்னுதானே சொன்னீங்க! என்னைக் கேக்கலைன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, அன்னிக்கே எனக்கு நெனப்பு வந்திருக்குமே!”